மாடியறைப் பாம்பும் மாமியின் பூண்டும்

இந்த நகரத்தில் காலையில் ஒருவரையொருவர் கண்டால் "தண்ணி வந்துதா?" என்றுதான் கேட்கிறார்கள். வணக்கமும் அதுதான், நலம் விசாரிப்பும் அதுதான். எங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு, வளவுக்கு வளவு கிணறு. தண்ணீர் அங்கே வருவதுமில்லை, போவதுமில்லை. வாளியை விட்டால் கிடைக்கும். மந்தைவெளிக்குக் குடிவந்த முதல் கிழமை, பால் வாங்கப் போன இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம் "தண்ணி வந்துதா?" என்று கேட்டார். "எங்கேயிருந்து?" என்று திருப்பிக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லாரியிலேந்துதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

இப்போது நானும் கேட்கிறேன். இந்தக் கோடையில் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம். தெருமுனையில் பச்சை, நீலம், மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நிற்கும். என் பங்குக்கு இரண்டு குடம். அவற்றை இடுப்பில் வைத்துக்கொண்டு செங்குத்தான படிகளில் ஏறி மாடியறைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படிக் கொண்டுபோகும் தண்ணீரில் ஒரு பங்கு ஒரு பாம்புக்குப் போகிறது. அதைத்தான் உங்களுக்கு எழுத வந்தேன். ஊரில் இருக்கிறவர்களுக்கும், என்னைப்போல் வேறு வேறு நாடுகளில் பிறர் வீட்டு மாடிகளில் பெட்டியை அவிழ்க்காமல் வைத்துக்கொண்டு இருக்கிறவர்களுக்கும்.

ஊரில் நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பதினான்கு வருடம் விலங்கியல் படிப்பித்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர என் தாள்கள் போதாது. வீடுவீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கனடாவில் இருக்கும் தங்கை என்னைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஆகவே நான் சென்னையில் வாழ்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை, காத்திருக்கிறேன் என்றுதான் சொல்கிறார்கள். மூன்று வருடம் சோறு சமைத்து, துணி துவைத்து, காய்ச்சல் வந்து, காய்ச்சல் மாறி, பக்கத்துத் தெரு நாய்களுக்கெல்லாம் பழக்கப்பட்ட பிறகும் காத்திருக்கிறேனாம். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீடு தேடிய கதையைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். தியாகராய நகரில் ஒரு வீட்டுக்காரர் நான் வாயைத் திறக்கும்வரை சிரித்த முகமாக இருந்தார். இரண்டு வசனம் கதைத்தேன். "சிலோனா?" என்றார். பிறகு வீடு திடீரென்று அவருடைய மச்சானுக்குத் தேவைப்பட்டது. அடையாறில் ஒரு அம்மாள் கதவின் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் புத்தி சொன்னார்கள்: கொஞ்சம் இந்தியத் தமிழ் பழகு, "ஓம்" என்கிற இடத்தில் "ஆமா" என்று சொல், பிழைத்துக்கொள்வாய். எனக்கு அது முடியாமல் இல்லை, மனமில்லை. கொண்டுவர முடிந்தது ஒரு கைப்பையும் இந்தப் பேச்சும்தான். கைப்பையும் இப்போது கிழிந்துவிட்டது.

கடைசியில் "சரி, வாங்கோ" என்று சொன்னவர் வேதவல்லி மாமி ஒருவர்தான். தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாள், ஒரே மகன் அமெரிக்காவில். வாழ்நாளெல்லாம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எல்லா ஊர்த் தமிழையும் கேட்டவருக்கு என் தமிழ் ஒரு பொருட்டாகப் படவில்லை. ஆனால் நிபந்தனைகள் இருந்தன. மாதாமாதம் காவல் நிலையத்துக்குப் போய் என் பெயரைத் தவறாமல் பதிந்துவிட வேண்டும். இறைச்சி, மீன் ஆகாது. "பூண்டு மட்டும் இந்தாத்துக்குள்ள வரவே படாது" என்று தனியாக ஒருமுறை விரலை ஆட்டிச் சொன்னார். எங்களுக்கு அது உள்ளி. உள்ளி போடாத எங்கள் ஊர்க் குழம்பு எப்படி இருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்று வருடம் அதைத்தான் சாப்பிட்டேன்.

பாம்பு வந்தது பெசன்ட் நகரிலிருந்து. அங்கே ஊரூர் குப்பத்துக்குக் கிட்ட ஹெல்கா என்று ஒரு ஜெர்மன்காரிக்கு ஒரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்ததால் அவள் மீன்காரப் பெண்களிடம் "ஓம், தாங்கோ" என்பாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். திடீரென்று ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தபோது, மேசையிலிருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "ரீச்சர், இதை நீங்கள் வைத்திருப்பீங்களோ?" என்று கேட்டாள். செம்மஞ்சள் உடம்பில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், என் சின்னவிரல் பருமன். கார்ன் ஸ்னேக் என்பார்கள். நான் சோளப்பாம்பு என்கிறேன். விஷமில்லை. அதன் பரம்பரை அமெரிக்கா, பிறந்தது ஜெர்மனியில் ஒரு வீட்டுக் கூட்டில், வளர்வது சென்னையில். அதற்கும் ஒரு விண்ணப்பத் தாள் இருந்திருந்தால் என்னுடையதைவிட நீளமாக இருந்திருக்கும். ஓம், தா என்றேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் தெருமுனை பாபுவின் ஆட்டோவில் வந்தேன். "இன்னா டீச்சர், பொட்டில இன்னா கீது?" என்று கேட்டான். பாம்பு என்றேன். "நல்லா தமாஷ் பண்றீங்கோ" என்று சிரித்துக்கொண்டே ஓட்டினான். அடையாறு பாலம் தாண்டி வண்டி நின்றபோது துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினேன். ஆள் பாதி உடம்பு தெருவிலும் பாதி வண்டியிலுமாக நின்றான்.

"யம்மாடியோவ்! வெஷம் கீதா?"

"இல்லை."

"வெஷமில்லாத பாம்ப வெச்சுக்கினு இன்னா பண்ணப் போறீங்கோ?"

துணியைத் திரும்ப இழுத்து மூடினேன். ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் வெள்ளெலி வளர்க்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, கிழமைக்கொருமுறை கண் திறக்காத எலிக்குஞ்சு வாங்கித் தந்தவன் அதே பாபுதான். மாமியிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டு மாதம் ஒரு வில்லங்கமும் இல்லை. தேங்காய்ச் சிரட்டைக்குள் சுருண்டு கிடக்கும். நான் பாடக் குறிப்பு எழுதும்போது வெளியே வந்து கண்ணாடியில் மூக்கை உரசும். வைகாசி பிறந்ததும் நிறம் மங்கத் தொடங்கியது. செம்மஞ்சள் போய்ச் சாம்பல் பூத்தது, கண்கள் பால் கலந்த நீலமாகின. எலிக்குஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோல் உரிக்கப் போகிறது என்று விளங்கிவிட்டது. ஊரில் வேலியில் சிக்கிக் கிடக்கும் பாம்புச் சட்டைகளை வகுப்புக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்து, பிள்ளைகளை அடிமட்டத்தால் அளக்கச் சொல்வேன். கீச்சிட்டுக்கொண்டே அளப்பார்கள். ஆனால் சட்டை கழற்றிய பாம்புகளைத்தான் எனக்குத் தெரியும், கழற்றப் போகும் பாம்பைப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பதினான்கு வருடம் படிப்பித்த பாடத்தில் நான் பார்க்காத பக்கம் இது.

அதற்கு ஈரம் வேண்டும். ஈரமில்லாவிட்டால் தோல் உடம்போடு ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகக் கிழியும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் என் அறையோ மத்தியானத்தில் அடுப்பு. ஃபேன் அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றித் தரும். ஒரு பிளாஸ்டிக் பேசினில் விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, நனைத்த துவாயைப் போட்டு, பாம்பை அதற்குள் விட்டேன். திங்கட்கிழமை காலை அப்படி விட்டுக்கொண்டிருந்தபோதுதான், லாரி வந்த செய்தியைச் சொல்ல மாமி படியேறி வந்தார். கதவைச் சாத்த மறந்திருந்தேன்.

"டீச்சர், லாரி வந்துடுத்து, குடத்தை எடுத்துண்டு..." என்று தொடங்கியவர் பேசினைப் பார்த்தார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒருவர் படியிறங்கி நான் கண்டதில்லை. கீழே போய் நின்றுகொண்டு கத்தினார்.

"அதை இப்பவே வெளியில கொண்டுபோய் விட்டுட்டு வாங்கோ!"

"எங்க விடுறது மாமி? இது இந்த நாட்டுப் பாம்பில்லை."

"பின்னே?"

"அமெரிக்கப் பாம்பு."

"அமெரிக்காலேந்து ஒரு பாம்பு எதுக்கு இங்க வரணும்?"

"உங்கட மகன் இங்கயிருந்து அங்க போகேல்லையே?"

"என் பிள்ளை எஞ்சினியர்!" என்றார். அவருக்கு அழுகை வரப் பார்த்தது. பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "இதோ பாருங்கோ, கொல்லச் சொல்ல மாட்டேன், சர்ப்பத்தைக் கொன்னா குலத்துக்கே ஆகாது. ஆனா வெள்ளிக்கிழமை விளக்கேத்தறதுக்குள்ள இந்தாத்துல அது இருக்கப்படாது. விட மனசில்லேன்னா நீங்களும் சேர்ந்தே கிளம்பிடுங்கோ."

"தோல் கழண்டு முடியுமட்டும் நாங்கள் ரெண்டு பேரும் எங்கயும் போகமாட்டம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெள்ளிக்கிழமை பெட்டியோடு தெருவில் நின்றால் எனக்கு இந்த நகரத்தில் வேறு கதவில்லை. பாதித் தோலோடு ஆட்டோவில் அலைந்தால் பாம்பும் தப்பாது. ஒரு பாம்புக்காக இருக்கிற கூரையையும் இழப்பாளா ஒருத்தி என்று நீங்கள் கேட்பீர்கள். தங்கையும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள், இன்னும் கொஞ்சம் கடுமையாக.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் எங்கள் வளவில் வெட்டியிருந்த பதுங்கு குழிக்குள் ஒரு நாள் நாங்கள் ஏழு பேர் குந்தியிருந்தோம். மேலே விமானம் சுற்றியது. மூலையில், பனங்குற்றிக்குக் கீழே ஒரு பாம்பும் இருந்தது. பெரிய பாம்பு. என்ன சாதி என்று பார்க்க வெளிச்சம் போதவில்லை. எல்லோரும் அதைக் கண்டோம், அதுவும் எங்களைக் கண்டிருக்கும். ஒருவரும் தடியைத் தேடவில்லை, அதுவும் தலையைத் தூக்கவில்லை. அரை மணித்தியாலம் எட்டு உயிரும் அசையாமல் இருந்துவிட்டு, விமானம் போனதும் அது ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கமாகப் போனோம். குண்டு விழும் நேரத்தில்கூட "நீ வெளியே போ" என்று அதற்குச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீர்ப் பஞ்சம் ஒன்றைத் தவிர வேறு ஆபத்தில்லாத மந்தைவெளியில் மட்டும் நான் ஏன் சொல்ல வேண்டும்?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாபு மூச்சிரைக்க வந்தான். "டீச்சர், மேட்டர் தெரியுமா? மாமி என்னியப் பூண்டு வாங்கியாறச் சொல்லுச்சு. அரைக்கிலோ! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு." எனக்கும்தான். பின்னேரம் கதவைத் திறந்தால் காரணம் தெரிந்தது. மாமி மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அம்மியில் நசுக்கிய பூண்டைப் பெருங்காயத் தண்ணீரில் குழைத்து, கடைசிப் படியிலும் தன் வாசற்படியிலும் விரல் தடிப்புக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பாம்பு பூண்டைத் தாண்டாதாம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூண்டைப் பற்றிப் பாம்புக்கு ஒரு அபிப்பிராயமும் இல்லை என்று விலங்கியல் ஆசிரியையாக நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கோடு பாம்பைத் தடுக்காவிட்டாலும் மாமியைக் கீழேயே தடுத்து வைத்தது.

ஆனால் அந்த வாசனை படியேறி வந்து என்னைப் படுத்திய பாட்டை எப்படிச் சொல்வேன்! மூன்று வருடமாக அடக்கி வைத்த வயிறு. வாசலில் இருக்கலாமென்றால் சட்டியில் இருக்கக் கூடாதா? புதன்கிழமை பாபுவிடம் சொல்லிக் கால் கிலோ வாங்கி, முழுசு முழுசாக நல்லெண்ணெயில் வதக்கி, பழப்புளி விட்டு, எங்கள் ஊர்த் தூள் போட்டு உள்ளிக் குழம்பு வைத்தேன். யன்னலைத் திறந்தே வைத்தேன்.

"டீச்சர்! என்ன வாசனை இது?"

"உங்கட வாசனைதான் மாமி. வாசல்லயிருந்து குசினிக்கு வந்திருக்கு."

கீழே யன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. நான் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. உறைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிரவு பாம்பு தோல் உரித்தது. விடிந்து பார்த்தபோது பெட்டிக்குள் இரண்டு பெரிய துண்டுகளாகத் தோல் கிடந்தது. நான் பயந்தபடியே சூட்டில் கிழிந்திருந்தது. பாம்போ புதுச் செங்கல் போல் இருந்தது. வால் நுனிவரை தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. பிறகு தலையைப் பார்த்தேன். பாம்புக்கு இமையில்லை. கண்ணின் மேல் கண்ணாடிபோல் ஒரு செதில் இருக்கும், சட்டையோடு அதுவும் கழன்றுவிட வேண்டும். இடது கண் கறுத்து மினுங்கியது. வலது கண்ணில் அந்தச் செதில் அப்படியே தங்கியிருந்தது, சுருங்கி, சாம்பல் நிறமாக. அதை நகத்தால் கிள்ளினால் கண்ணே போகும். விட்டுவிட்டால் அடுத்த தோலும் அதன்மேல் ஏறும், மெல்ல மெல்ல அந்தக் கண் கெட்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு ஈரத் துவாய்க்குள்ளால் ஊரவிட வேண்டும், அவ்வளவுதான் வழி. என் இரண்டு குடமும் காலி. திங்கட்கிழமைக்குப் பிறகு லாரி வரவில்லை.

மாமியின் முற்றத்தில் நிலத்தடித் தொட்டி இருக்கிறது, பூட்டோடு. வியாழக்கிழமை பகல் முழுதும் படியில் நின்று யோசித்தேன். ஆரிடமும் கேட்டு நிற்கிற பழக்கம் எனக்குக் குறைவு. பின்னேரம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "மாமி, ஒரு செம்பு தண்ணி தாங்கோ."

"குடிக்கவா?"

"பாம்புக்கு."

"மனுஷாளுக்கே சொட்டுத் தண்ணி கிடையாது, பாம்புக்கு ஸ்நானமா?"

"ஒரு கண் மூடிக் கிடக்குது மாமி. ஊறினால்தான் திறக்கும். பொய் சொல்லி வாங்க எனக்குத் தெரியும். குடிக்க எண்டு கேட்டிருப்பன். நான் பாம்புக்கெண்டுதான் கேக்கிறன்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். நானும் மேலே போய்விட்டேன். கோபத்தில் குடங்களைக் கவிழ்த்து வைத்தேன். விளக்கு வைத்த நேரம் கீழே ஏதோ உலோகச் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் கோட்டுக்கு என் பக்கமாக ஒரு பித்தளைச் செம்பு, தட்டால் மூடியபடி. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. சூடாக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. மாமியின் கதவு சாத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை துவாயை விரித்துப் பார்த்தேன். பாம்பு இரண்டு கண்ணாலும் என்னைப் பார்த்தது. செதில் எங்கே போயிற்று என்று துவாயை இழை இழையாகத் தேடினேன். சூடை மீன் செதிலைவிடச் சின்னதாக, குழிந்து, கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரல் நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு கட்டிலில் அப்படியே இருந்தேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு இந்த ஊரில் வந்ததில்லை. பெட்டியைக் கட்டவில்லை. கட்டப் போவதுமில்லை என்று முடிவு செய்திருந்தேன். தூக்கி வெளியே வைத்தால் வைக்கட்டும்.

விளக்கேற்றும் நேரத்துக்கு மாமி வந்தார். புடவையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தான் போட்ட கோட்டைத் தானே தாண்டி, படியேறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கண்ணு திறந்துண்டுதா?" என்றார். "திறந்திட்டுது" என்றேன். பெட்டியைத் தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்தார்.

"என்னமா பளபளன்னு இருக்கு" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கினார். "அந்தச் சட்டையை என்ன பண்ணப் போறேள்?"

"ஏன் மாமி?"

"பீரோல வெச்சா ஐஸ்வர்யம்பா. என் பிள்ளைக்கும் கிரகம் சரியில்லை. வேலை போயிடுத்துன்னு லெட்டர் போட்டிருக்கான். அங்க தனியா உக்காந்துண்டிருக்கான்."

எனக்குத் திங்கட்கிழமை அவருடைய மகனை இழுத்து நான் சொன்ன வார்த்தை நெஞ்சில் குத்தியது. ஆனால் வீட்டு விசயத்தில் இளகினால் தெருவில்தான் நிற்க வேண்டும். "தாறன் மாமி. ஆனால் பாம்பும் இங்கதான் இருக்கும், நானும் இங்கதான் இருப்பன்."

"பூண்டு?"

"உள்ளியும் இருக்கும்."

மாமி படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். கோடு காய்ந்து, எறும்பு மொய்த்து, பாதி அழிந்திருந்தது. "வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் மட்டும் வேண்டாம்" என்றார். சரி என்றேன். இரண்டு துண்டுத் தோலையும் தட்டில் வைத்து நீட்டினேன். கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டு, இந்தமுறை மெதுவாகப் படியிறங்கினார்.

சட்டையின் தலைப்பகுதியில் ஒரு கண் இல்லை என்பதை மாமி கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. கீழே பீரோவுக்குள், பட்டுப் புடவைகளுக்கும் மகனின் கடிதங்களுக்கும் நடுவில் அந்தச் சட்டை ஒற்றைக் கண்ணோடு மந்தைவெளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மற்றக் கண் என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது, என் படம் ஒட்டிய பக்கத்தில், முத்திரை குத்தாத தாள்களைப் பார்த்தபடி. ஊரிலிருந்து வரும் கடிதங்கள் எப்போது திரும்பி வருவாய் என்கின்றன, தங்கை எப்போது வந்து சேர்வாய் என்கிறாள். எனக்கு இரண்டுக்கும் மறுமொழி தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். என்றாவது ஒருநாள் ஏதோ ஒரு நாட்டின் மேசையில் ஓர் அதிகாரி அந்தப் பக்கத்தைத் திறந்து, தூசி என்று நினைத்து வாயைக் குவிப்பார். நான் என் தமிழிலேயே சொல்வேன்: "ஊதாதேங்கோ. அது கண்."